நான் காது கொடுக்காத ஒரு வருஷம்

என் மகளுக்கு மூன்று வயது முடிந்து நாலு மாசம் ஆகியிருந்தபோது, அங்கன்வாடி டீச்சர் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டார். சிமெண்டுத் தரையில் அது விழுந்து சுழன்ற சத்தத்தில் அறையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை பயந்து அழுதது. என் மகள் மட்டும் ஒரு மரக்கட்டையின் மேல் இன்னொரு கட்டையை வைப்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

நான் அவளைக் கூட்டிப் போக வந்து வாசலில் நின்றிருந்தேன். என்னைப்போல வந்த அம்மாமார் ஆறேழு பேரும் நின்றார்கள். டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, பாத்தீங்களா? நானும் பத்து நாளா கவனிச்சிக்கிட்டுதான் வாரேன். பிள்ளைக்குக் காது கேக்கலன்னு தோணுது. ஒரு எட்டு ஆஸ்பத்திரியில காட்டிருங்க."

சாதாரணக் குரலில்தான் சொன்னார். சத்துமாவு பாக்கெட் வந்திருக்கு, வாங்கிட்டுப் போங்க என்று சொல்வதுபோல. எனக்குத்தான் அத்தனை பேர் நடுவில் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "எம் பிள்ளைக்கு ஒரு கொறையும் கெடையாது. ஒங்க வேலய நீங்க பாருங்க" என்று சொல்லி, கட்டையோடு அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கட்டையைப் பிடுங்கி வாசலிலேயே எறிந்தேன். அவள் தெரு முழுக்க அழுதுகொண்டு வந்தாள்.

நாங்கள் இருப்பது முத்தையாபுரம். நான் ஆற்றங்கரை வயல்காட்டு ஊரில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். என் வீட்டுக்காரர் ஹார்பரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பெங்களூர், கோயம்புத்தூர் என்று போனால் திரும்ப நாலு நாள், அஞ்சு நாள் ஆகும். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். எங்கள் தெருமுனையில் எந்நேரமும் லாரி வரிசை. ஹார்ன் சத்தத்துக்கு நடுவில்தான் இங்கே பேச்சு, தூக்கம், சாப்பாடு எல்லாம். அந்தச் சத்தத்தில் ஒரு பிள்ளைக்குக் கேட்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியப் போகிறது?

அதோடு என்னிடம் சாட்சியும் இருந்தது. நான் தையல் மிஷினை ஓட்டும்போது அவள் வந்து மிஷின் பலகையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொள்வாள். அப்படியே தூங்கியும் போவாள். நான் மிதிப்பதை நிறுத்திய அடுத்த நொடி கண்ணைத் திறப்பாள். மிஷின் சத்தம் நின்றது தெரிந்து முழிக்கிற பிள்ளைக்கா காது கேட்கவில்லை? பலகையின் அதிர்வு கன்னத்தில் படுவது வேறு, காதில் கேட்பது வேறு என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழுதேன். அவர் சிரித்தார். "நானும் நாலு வயசு வரைக்கும் பேசலயாம், எங்கம்மா சொல்லும். ஏளா, அதுக்காக அழுவியா? போனைப் பிள்ளைட்ட குடு." நான் கொடுத்தேன். அவள் காதில் போனை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளும் தலையாட்டினாள். "பேசுதாளா?" என்று கேட்டார். "தலைய ஆட்டுதா" என்றேன். "பெறவு என்ன?" என்றார். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் இப்படித்தான் அப்பாவும் மகளும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு வாசலில் நின்ற அம்மாமார்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் குடிதண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றதும் பேச்சு நின்றது. அதற்கடுத்த நாள், ஒருத்தி என் மகளின் பெயரைச் சொல்லாமல் "அந்தச் செவிட்டுப் பிள்ள" என்றது என் காதிலேயே விழுந்தது. அந்த வாரமே அவளை அங்கன்வாடியிலிருந்து நிறுத்தி, மெயின் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் நடந்த சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். டை, ஷூ, ஐடி கார்டு எல்லாம் உண்டு. சேர்க்கும்போது அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் உள்ளே வரக் கூடாது. கேட்டில் பிள்ளையை விட வேண்டும், கேட்டில் கூட்டிக்கொள்ள வேண்டும். டைரியில் வாரம் ஒரு தடவை எழுதி அனுப்புவார்கள். 'அமைதியான குழந்தை. சேட்டை இல்லை.' வருஷம் முழுக்க அதே வரி. நான் அதைப் படித்துப் படித்து மனசைத் தேற்றிக்கொண்டேன். அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள் என்பதும், சேட்டை செய்கிற பிள்ளைகளை முன்னால் உட்கார வைப்பார்கள் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

ஆண்டு விழாவில் அவள் ஆடினாள். மேடையில் பத்துப் பிள்ளைகள். பாட்டுக்கு எல்லோரும் கையைத் தூக்கிய பிறகு, ஒரு கண்ணிமைப்பு தாமதித்து என் மகள் தூக்கினாள். எல்லோரும் குனிந்த பிறகு குனிந்தாள். பக்கத்துப் பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்கிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது என்பதை இன்றைக்கு மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் கைதட்டினேன். வீட்டுக்காரருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

இடையில் அங்கன்வாடி டீச்சர் மூன்று முறை வீட்டுக்கு வந்தார். மில்லர்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். என்னைவிட ரெண்டு வயசு இளையவர். சத்துமாவு கொடுக்க என்று ஒரு தடவை, சொட்டுமருந்து சொல்ல என்று ஒரு தடவை. மூன்றாவது தடவை ஒரு சாக்கும் சொல்லவில்லை. "அக்கா, பிள்ள எப்படி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்று, "நல்லாப் பேசுதா. இங்கிலீஷ்லயே பேசுதா" என்றேன். அவர் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வருஷம் போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு அவளைக் கூட்டி வந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் அண்ணாச்சி கடையில் நூல்கண்டு வாங்க அவள் கையை விட்டேன். விட்டது அரை நிமிஷம்கூட இருக்காது. திரும்பிப் பார்த்தால் அவள் ரோட்டோரத்தில் கிடந்த ஏதோ ஒரு பளபளப்பான காகிதத்தை எடுக்கக் குனிந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு லாரி ரிவர்ஸில் வருகிறது. ரிவர்ஸ் அலாரம் அடிக்கிறது. கிளீனர் லாரியின் பக்கவாட்டுத் தகட்டைத் தட்டிக் கத்துகிறான். வரிசையில் நின்ற இன்னொரு லாரிக்காரர் இதைப் பார்த்துவிட்டு ஹார்னை அழுத்திக்கொண்டே இருக்கிறார். கடையில் நின்றவர்கள் கத்துகிறார்கள். நான் கத்துகிறேன். என் மகள் குனிந்தபடி அந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டிருக்கிறாள்.

லாரி நின்றுவிட்டது. அவளுக்கும் டயருக்கும் ஒரு முழம் இருந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். டிரைவர் இறங்கி வந்தார். வயசானவர். "ஏம்மா, இவ்வளவு சத்தம் போடுதோம், பிள்ளைக்குக் காது கேக்காதா?" என்றார். யாரும் யாரையாவது திட்டும்போது சொல்கிற வார்த்தைதான். அவர் வேறு ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை.

"கேக்காது" என்றேன்.

அதை என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போகவில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அங்கன்வாடிக்கு நடந்தேன். பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். "டீச்சர்" என்று கூப்பிட்டேன். அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். 'அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்வார், சொன்னால் காலில் விழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது, "நாளைக்குக் காலைல ஏழு மணி பஸ். நானும் வாரேன். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு எல்லாம் எடுத்து வச்சிக்கிடுங்க."

பஸ்ஸில்தான் அவர் அதைப் பேசினார். என் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். "நானும் தப்பு பண்ணிட்டேன் அக்கா. அத்தன பேர் முன்னால தட்டப் போட்டுக் காட்டியிருக்கக் கூடாது. உங்க வீட்டுக்குத் தனியா வந்து, ரெண்டு பேரும் இருக்கும்போது சொல்லியிருக்கணும். எனக்கு அப்ப அந்த யோசன வரல." கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது தடவ வந்தப்ப, இங்கிலீஷ்ல பேசுதான்னு சொன்னீங்க. பொய்னு தெரிஞ்சிச்சி. ஆனாலும் திரும்பிப் போயிட்டேன். சண்டைக்கு வருவீங்களோன்னு பயம்" என்றார். எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு வருஷம் காணாமல் போயிருந்தது. அதில் என் பங்கு எவ்வளவு, அவர் பங்கு எவ்வளவு என்று பிரித்து என்ன செய்ய?

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர்களை ஒட்டி, ஒரு அறைக்குள் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் அம்மா பேப்பரைக் காட்டினார். கோடு கோடாக இருந்தது. "ரெண்டு காதுலயும் கேட்கலை. பிறவியிலேயே இருந்திருக்கும். இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

டீச்சர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, "எனக்குத் தெரியும் டாக்டர். தெரிஞ்சே விட்டுட்டேன்" என்றேன்.

அந்த டாக்டர் அம்மா கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். காதுக்குள்ளே கருவி வைக்கிற ஆபரேஷன் இருக்கிறது, அரசு காப்பீட்டில் செய்யலாம், ஆனால் ஆறு வயதுக்குள் செய்தாக வேண்டும். அதிலும் சின்ன வயதில் செய்தால்தான் பேச்சு நன்றாக வரும். மூளை பேச்சைப் படிக்கிற காலம் ஒன்று இருக்கிறது, அது யாருக்காகவும் காத்திருக்காது. "முன்னாலயே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்று அவர் சொன்னபோது, டைரியில் இருந்த 'அமைதியான குழந்தை' என்ற வரிகள் வரிசையாக என் கண்ணில் ஓடின.

வீட்டுக்காரர் அடுத்த நாள் லோடை இறக்கிவிட்டு வந்தார். நான் சொன்னதும் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வாசல்படியில் உட்கார்ந்து கேட்டார், "அப்ப நான் போன்ல பேசினது?" நான் அவர் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தேன். "நான் அவகிட்ட எவ்வளவு பேசியிருக்கேன். கிருஷ்ணகிரியில மழ பெய்யுதுன்னு சொல்லுவேன், யானைய பாத்தேன்னு சொல்லுவேன்" என்றார். பிறகு துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். மகள் போய்த் துண்டை விலக்கி, அவர் முகத்தைப் பார்த்து, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

அதற்கப்புறம் நாங்கள் பட்ட பாடு ஒரு வரிசையில் சொல்லக்கூடியது இல்லை. முதலில் காதுக்கு வெளியே மாட்டுகிற மிஷின் கொடுத்து மூன்று மாசம் பார்த்தார்கள். பலனில்லை. ஸ்கேன், தடுப்பூசி, கையெழுத்து. கடைசியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு முந்தின நாள் அவளுக்குக் காய்ச்சல். அடுத்த தேதியில் சளி. மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது பிறந்த நாள் வந்து போனது. யாருக்கும் மிட்டாய் கொடுக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் பிறந்த நாள் வந்தால் சந்தோஷம். எனக்கு மட்டும் அது கதவு ஒன்று மூடிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. திருச்செந்தூர்க் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டேன், பனிமய மாதாவுக்கும் நேர்ந்துகொண்டேன். எந்தச் சாமி முதலில் கேட்டாலும் சரி என்றிருந்தது.

மூன்றாவது தேதியில் ஆபரேஷன் நடந்தது. தையல் ஆறியபின் ஒரு நாள் வரச்சொல்லி, வெளியே மாட்டுகிற கருவியைக் காதுக்குப் பின்னால் மாட்டினார்கள். அதிலிருந்து ஒரு ஒயர். ஒயர் நுனியில் வட்டமாக ஒரு வில்லை. வில்லையில் காந்தம் உண்டு, தலைக்குள்ளே வைத்திருக்கிற காந்தத்தில் அது போய் ஒட்டிக்கொள்ளும். சுவிட்சைப் போட்டார்கள். நானும் வீட்டுக்காரரும் டீச்சரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் என் பக்கம் திரும்புவாள், என் குரலைக் கேட்பாள், சிரிப்பாள் என்று எத்தனை நாள் கனவு கண்டிருப்பேன். அவள் அலறினாள். வில்லையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். ஐந்து வருஷம் நிசப்தத்தில் இருந்த பிள்ளைக்கு அந்தச் சத்தம் அடி மாதிரி விழுந்திருக்க வேண்டும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். "மிஷின் சத்தத்தை மட்டும்தான் கொடுக்கும். அது என்ன சத்தம்னு நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும். நான் வாரத்துல ஒரு மணி நேரம் பாக்கப் போறேன். மீதி நேரமெல்லாம் வீடும் பள்ளிக்கூடமும்தான். ரெண்டு இடத்துலயும் ஒரே வார்த்தையை ஒரே மாதிரி சொன்னாத்தான் பிள்ளைக்குப் பிடிபடும்."

மாடி வீட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்டேன். கேட்டிலேயே நிறுத்திப் பேசினார்கள். இந்த மிஷின் உடைந்தால் நாங்கள் பொறுப்பேற்க முடியாது, இதற்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருக்கும் பாருங்கள் என்றார்கள். சேட்டை இல்லாத பிள்ளைக்கு அங்கே இடம் இருந்தது. மிஷின் மாட்டின பிள்ளைக்கு இல்லை.

அங்கன்வாடி டீச்சர்தான் எடுத்துக்கொண்டார். வயது தாண்டிக்கொண்டிருந்த பிள்ளை. அவர் மேலே கேட்டு அனுமதி வாங்கினார். சனிக்கிழமை பயிற்சிக்கு எங்களோடு பஸ்ஸில் வந்து, சுவரோரம் உட்கார்ந்து எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்று பார்த்தார். ஒரு நோட்டுப் போட்டோம். அங்கன்வாடியில் அன்றைக்கு என்ன வார்த்தை சொன்னார்களோ அதை அவர் எழுதுவார். வீட்டில் என்ன சொன்னேனோ அதை நான் எழுதுவேன். 'தண்ணி. முட்டை. வா. போ. மழை.' அவர் 'தட்டு' என்று எழுதி அனுப்பினால் நான் தட்டை எடுக்கும்போதெல்லாம் 'தட்டு, தட்டு' என்று சொல்ல வேண்டும். பைத்தியக்காரி மாதிரி ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சத்தமும் திரும்பி வராது.

மற்ற அம்மாமார்களுக்கும் இதில் கோபம் இருந்தது. என் மகள் கேட்க வேண்டும் என்பதற்காக டீச்சர் மற்ற பிள்ளைகளை மெதுவாகப் பேசச் சொன்னார், ஒருவர் பேசி முடித்தபின் அடுத்தவர் பேசச் சொன்னார். "ஒரு பிள்ளைக்காக எல்லாப் பிள்ளையும் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமோ?" என்று ஒருத்தி என் காதுபடவே கேட்டாள். குழாயடியில் 'செவிட்டுப் பிள்ள' என்றவளும் அவள்தான். நான் அவளோடு சண்டை போடவில்லை. சண்டை போடுகிற தெம்பு என்னிடம் மிச்சமில்லை.

அப்படி நாலு மாசம் போன பிறகு ஒரு நாள் அவள் காது மிஷினைக் காணோம்.

காலை பத்து மணி இருக்கும். நான் தைத்துக்கொண்டிருந்தேன். அங்கன்வாடியில் சமைக்கிற அக்கா ஓடி வந்தார். "பிள்ள நல்லாத்தான் இருக்கா. காதுல உள்ளதக் காணோம்." நான் தையல் மிஷினை விட்டு எழுந்தது நினைவிருக்கிறது, செருப்பில்லாமல் ஓடியது நினைவில்லை. டீச்சர் வாசலில் முகம் வெளுத்து நின்றார். அறையில் ஒரு பொருள் பாக்கியில்லாமல் உதறிப்போட்டிருந்தார். "இப்பத்தான் வெளிய விளையாட விட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகல. நான் பாத்திருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது தொலைந்தால் இன்னொன்று வாங்க எங்களால் ஏழு ஜென்மத்துக்கும் முடியாது. தலைக்குள்ளே வைத்தது வெறும் இரும்பாகக் கிடக்கும்.

என் மகள் மணலில் உட்கார்ந்திருந்தாள். எங்கே என்று கையைக் காட்டிக் கேட்டேன். சிரித்தாள். அவளைப் போட்டு உலுக்கினேன். அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன். டீச்சர் பிடித்துக்கொண்டார்.

சாக்கடையைக் கிளறினேன். கையை விட்டே கிளறினேன். பக்கத்தில் இன்னொரு கை இறங்கியது. பார்த்தால் குழாயடிக்காரி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழங்கை வரைக்கும் சாக்கடையில் விட்டிருந்தாள். "நீ அந்தப் பக்கம் பாரு, நான் இங்கன பாக்கேன்" என்றாள். அதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. அம்மாமார்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி சல்லடை கொண்டுவந்து மணலைச் சலித்தாள். ஒருத்தி வேலியோரத்து உடைமுள் புதருக்குள் நுழைந்தாள். குப்பைக் கூடையைக் கொட்டி முட்டை ஓட்டையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது. வெயில் ஏறியது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போய் மணலில் விழுந்து கிடந்தேன். இந்தப் பிள்ளையைப் பெற்றிருக்க வேண்டாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

கண்டுபிடித்தது குழாயடிக்காரியின் மகன். நாலு வயசுப் பயல். பெரியவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தபோது, அவன் சறுக்குப் பலகைக்கு அடியில் ஊர்ந்து போய் மேலே பார்த்திருக்கிறான். பலகையின் அடியில் இரும்புக் கம்பி. அதில் காந்த வில்லை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒயரும் கருவியும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. என் மகள் அடியில் நுழைந்து விளையாடும்போது கம்பி அதை இழுத்துவிட்டிருக்கிறது. "இந்தா இருக்கு, இந்தா இருக்கு" என்று அவன் போட்ட கூச்சலை என் மகளைத் தவிர எல்லோரும் கேட்டார்கள்.

டீச்சர் அதைத் துடைத்து அவள் தலையில் ஒட்டவைத்தார். சின்ன விளக்கு மினுங்கியது. நான் குழாயடிக்காரியின் சாக்கடைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சரி சரி, கையக் கழுவு மொதல்ல" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும்போது என் மகளுக்கு முன்னால் குனிந்து, முகத்தைக் காட்டி, "ஏளா, வந்துட்டியா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். டீச்சர் அதை நோட்டில் எழுதவில்லை. 'அடியே' என்கிற மாதிரி பெண்பிள்ளைகளை 'ஏளா' என்று கூப்பிடுவது இங்கே வழக்கம்; அது ஒரு வார்த்தை என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. ரெண்டு மாசம் கழித்து, ஒரு சாயங்காலம் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "ஏளா" என்று ஒரு குரல் கேட்டது. கனமான, மூக்கில் அடைத்த குரல். வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. அடுப்படியில் என் மகள் காலி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். "ஏளா" என்றாள் மறுபடியும்.

அம்மா என்று கூப்பிடுவாள் என்று எத்தனையோ பேர் சொல்லி வைத்திருந்தார்கள். என் மகள் என்னை முதலில் கூப்பிட்டது ஏளா. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் லாரியை ஓரம் கட்டிவிட்டார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சரியாகவில்லை. இந்த ஜூனில் அவளை அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். அங்கன்வாடி டீச்சர் கூடவே வந்து, ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் நோட்டைக் கொடுத்து, முதல் பெஞ்ச், முகத்தைப் பார்த்துப் பேசணும், ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆறு வயதில் அவள் பேச்சு ரெண்டு வயதுப் பிள்ளையின் பேச்சு. 'ச' வராது, 'ர' வராது. வெளி ஆட்களுக்குப் பாதி புரியாது. கடையில் மிட்டாய் கேட்டால் அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கிறார். நான் தொலைத்த அந்த ஒரு வருஷம் திரும்பக் கிடைத்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு ஒரு நாளும் ஓய்வதில்லை.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாக ஏதோ சொன்னாள். "ஊவா." எனக்குப் புரியவில்லை. பூவா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். ஊறுகாயா? இல்லை. "ஊவா, ஊவா" என்று கையை விரித்து அடித்துக்கொண்டாள். நோட்டைப் புரட்டினேன். அன்றைக்குப் பக்கத்தில் 'சிலேட்டு, குச்சி' என்றுதான் இருந்தது. அவள் சொல்லச் சொல்ல எனக்குப் புரியாமல், கடைசியில் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். ஒரு வார்த்தையும் இல்லாத காலத்தில் அவள் இப்படி அழுததில்லை. இப்போது சொல்வதற்கு வார்த்தை இருக்கிறது, கேட்க ஆளில்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் வகுப்பு வாசலிலேயே ஒன்றாம் வகுப்பு டீச்சரைப் பிடித்தேன். "ஊவா, ஊவான்னு சொல்லுதா டீச்சர். என்னன்னு தெரியல."

அந்த டீச்சர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "ஐயோ, புறா! நேத்து ஒரு புறா வகுப்புக்குள்ள வந்துட்டு. அத வெளிய விரட்டுறதுக்குள்ள ஒரு பீரியடே போச்சு. பிள்ளைங்க ஒரே கும்மாளம். நோட்டுல எழுத மறந்துட்டேன்மா."

அவர் மேஜையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் நோட்டை நீட்டினேன். நின்றபடியே 'புறா' என்று எழுதிக் கொடுத்தார்.